சீட்டுப் பணத்துக்குச் சாட்சி கேட்டார்கள்

2024 மே மாதம். பள்ளி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மதிய உணவு இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தால், எங்கள் வீட்டுக் கடனைப் பரிசீலித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு வரி வந்திருந்தது. ஏப்ரல் 22 அன்று உங்கள் கணக்கில் ரொக்கமாகச் செலுத்தப்பட்ட 5,000 டாலர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள். தயிர்சாத டப்பாவை அப்படியே மூடிவிட்டேன். அது சீட்டுப் பணம். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருபது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போடும் குலுக்கல் சீட்டு. அதை இவர்களுக்கு எந்தப் படிவத்தில் எழுதி விளக்குவது?

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியர் உதவியாளர். கணவர் மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி. இரண்டு பிள்ளைகள். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 72,000 டாலர். அமெரிக்கத் தமிழர் என்றாலே மென்பொருள் வேலை, ஆறிலக்கச் சம்பளம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேடிக்கையாக இருக்கும். மாத வாடகை 1,650. எல்லாம் போக மாதம் 300 டாலர் மிஞ்சினால் அது நல்ல மாதம்.

கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: விலையில் 20 சதவீதம் முன்பணமாகக் கையில் இல்லாமல் வீட்டுப் பக்கம் போகாதே. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் 2,40,000 டாலரை ஒட்டியவை. அதில் 20 சதவீதம் 48,000. மாதம் 300 வீதம் சேர்த்தால் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். மூத்தவள் கல்லூரியையே முடித்திருப்பாள். பிறகுதான் தெரிந்தது, அந்த 20 சதவீதம் சட்டம் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே போனால், நாம் கட்டத் தவறினால் கடன் கொடுத்தவரைக் காக்கும் மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், அவ்வளவுதான். மத்திய அரசு காப்பீடு கொடுக்கும் எஃப்எச்ஏ கடனுக்கு 3.5 சதவீத முன்பணம் போதும். அந்த அரசுக் காப்பீடு இல்லாத சாதாரணக் கடனிலும் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு 3 சதவீதத்தில் திட்டங்கள் உண்டு.

3.5 சதவீதம் என்றால் 8,400 டாலர். இது முடிகிற காரியம் என்று மகிழ்ந்தோம். ஆனால் முன்பணம் மட்டும் கணக்கு இல்லை. பத்திரச் செலவு, மதிப்பீட்டுக் கட்டணம், சொத்துரிமையில் வில்லங்கம் வந்தால் காக்கும் டைட்டில் இன்சூரன்ஸ், எஸ்க்ரோ என்ற பொறுப்புக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டிய சொத்துவரி, வீட்டுக் காப்பீடு எல்லாம் சேர்ந்து இன்னொரு 9,600 வந்து நின்றது. ஆக 18,000. எங்கள் சேமிப்பு 6,200.

முதலில் நாங்கள் போன கடன் அதிகாரியிடம், முன்பணத்துக்கு அரசு உதவி ஏதாவது உண்டா என்று கேட்டேன். “அதெல்லாம் இப்போது இல்லை” என்றார். நம்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, எங்கள் பள்ளி நூலகர் தன் வீட்டை அப்படித்தான் வாங்கியதாகப் போகிற போக்கில் சொன்னார். டெக்சாஸ் ஸ்டேட் அஃபோர்டபிள் ஹவுசிங் கார்ப்பரேஷன் என்று மாநில அளவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதில் ‘ஹோம்ஸ் ஃபார் டெக்சாஸ் ஹீரோஸ்’ என்று ஆசிரியர்கள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள் போன்றோருக்கு ஒரு திட்டமும், வருமான வரம்புக்குள் இருக்கும் மற்றவர்களுக்கு ‘ஹோம் ஸ்வீட் டெக்சாஸ்’ என்று இன்னொரு திட்டமும் உண்டு. ஆசிரியர் உதவியாளரும் அந்த ‘ஹீரோ’ பட்டியலில் சேர்த்தி. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஷூ நாடா கட்டிவிடுகிற நான் வீராங்கனை என்று அரசே சொல்லியிருக்கிறது, என் வீட்டில்தான் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த உதவிக்கு நாம் நேராக அந்த நிறுவனத்திடம் விண்ணப்பிக்க முடியாது. அவர்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் கடன் நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். முதல் அதிகாரி வேலை பார்த்த இடம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தன் கடையில் இல்லாத சரக்கை ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால் உங்கள் மாநில வீட்டுவசதி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் கடன் நிறுவனப் பட்டியலை முதலில் எடுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். எங்கள் மாநிலத்தில் க்ரெடிட் ஸ்கோர் குறைந்தது 620 இருக்க வேண்டும். எஃப்எச்ஏ 580க்கே 3.5 சதவீதம் தரும், ஆனால் உதவிப் பணம் வேண்டும் என்றால் படி கொஞ்சம் உயரம். எனக்கு 688 இருந்தது. வீடு வாங்குவோருக்கான இணைய வகுப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழும் வாங்க வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு மூன்று இரவுகள் உட்கார்ந்து முடித்தேன். போரடித்தாலும், அதில் கற்றதை வைத்துத்தான் பிறகு ஏஜென்டிடம் தைரியமாகக் கேள்வி கேட்டேன்.

இனி உதவிப் பணம் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இதைத்தான் யாரும் உடைத்துச் சொல்வதில்லை.

புதிய கடன் அதிகாரி, கெட்டிக்காரப் பெண், தொலைபேசியில் “கடன் தொகையில் 4 சதவீதம் உதவியாகக் கிடைக்கும்” என்றார். எங்கள் கடன் 2,31,600. அதில் 4 சதவீதம் 9,264 டாலர். கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஏனோ உறுத்தியது. மாதச் சீட்டில் கூட யாரும் சும்மா தருவதில்லையே, இவர்கள் மட்டும் ஏன் தருகிறார்கள்? “இந்த உதவி இல்லாமல் வாங்கினால் என்ன வட்டி?” என்று கேட்டேன். சிறிது மௌனம். பிறகு மூன்று விதமாகவும் தாள் போட்டு அனுப்பினார்.

உதவி ஏதும் இல்லாமல் வாங்கினால் வட்டி 6.25 சதவீதம், அசலும் வட்டியும் சேர்த்து மாதத் தவணை 1,451 டாலர். உதவியை மூன்று ஆண்டு கழித்துத் தள்ளுபடியாகும் இரண்டாம் கடனாக வாங்கினால் வட்டி 6.75, தவணை 1,528. அதே தொகையைத் திருப்பித் தரத் தேவையே இல்லாத மானியமாக வாங்கினால் வட்டி 7, தவணை 1,568. அன்றைய தேதிக்கு, எங்கள் ஸ்கோருக்கு வந்த எண்கள் இவை. உங்களுக்கு வேறாக இருக்கும். ஆனால் ஏறுமுகம் இதே மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் உதவிப் பணத்தின் விலை அந்த வட்டிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

சமையலறை மேசையில் மூன்று தாளையும் விரித்து, மகளின் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தாளில் மாதம் 77 டாலர் கூடுதல். 9,264ஐ 77ஆல் வகுத்தால் 120 மாதம். அதாவது அந்த வீட்டில் அதே கடனோடு பத்து ஆண்டு இருந்தால்தான் வாங்கிய உதவியை முழுவதுமாகத் திருப்பிக் கட்டியிருப்போம். மூன்றாம் தாளில் மாதம் 117 கூடுதல், 79 மாதத்திலேயே, ஆறரை ஆண்டு தாண்டியதும், வாங்கியதெல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு கட்டுவது நம் கைக்காசு.

அப்படியானால் முதல் தாள்தானே சிறந்தது? அதற்கு 18,000 வேண்டும். எங்களிடம் இல்லை. அந்த 9,264ஐ மாதம் 300 வீதம் சேர்க்க 31 மாதம் ஆகும், அதற்குள் வாடகையும் வீட்டு விலையும் நமக்காக நிற்குமா? அதனால் போட்டி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான். இரண்டாவதில் ஒரு பூட்டு இருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் வீட்டை விற்றாலோ, குடி மாறினாலோ, வட்டி குறைகிறது என்று இந்தக் கடனை அடைத்துவிட்டு மறுகடனுக்குப் போனாலோ, 9,264ஐயும் அப்படியே திருப்பித் தர வேண்டும். இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது, பாதியாவது கழியும் என்பதெல்லாம் கிடையாது. மானியத்தில் அந்தப் பூட்டு இல்லை.

கணவர் மானியம் பக்கம். வட்டி அடுத்த வருடமே குறையும் என்று அவருடைய ஆய்வகத்தில் எல்லோரும் சொல்கிறார்களாம். ரத்தம் பரிசோதிப்பவர்கள் வட்டியைப் பரிசோதித்துச் சொன்னதை நான் ஏற்கவில்லை. பிள்ளைகள் பள்ளி மாறக் கூடாது, மூன்று ஆண்டு எங்கேயும் போகப் போவதில்லை, மாதம் 40 டாலர் மிச்சம் என்று இரண்டாவதையே எடுத்தோம். வேலைக்காக ஊர் ஊராக மாறுகிறவராக இருந்தால் நான் மானியத்தைத்தான் எடுத்திருப்பேன்.

இந்த ஒப்பீட்டைச் சொந்தமாகப் போட முடியாதவர்களுக்கு ஒரு வழி: விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் ‘லோன் எஸ்டிமேட்’ என்ற தாளைக் கடன் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அதன் மூன்றாம் பக்கத்தில், முதல் ஐந்து ஆண்டில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள், அதில் அசல் எவ்வளவு கழிந்திருக்கும் என்று போட்டிருக்கும். பல பேர் முதல் பக்கத்து மாதத் தவணையைப் பார்த்ததும் தாளை மடித்துவிடுகிறார்கள்.

மாநில உதவிக்கு முன்னால் மாநகராட்சி உதவியையும் முயன்றோம். சான் அன்டோனியோ மாநகராட்சி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அப்போது 30,000 டாலர் வரை கொடுத்து வந்தது. மேற்குப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். முகவரியில் சான் அன்டோனியோ என்றுதான் இருந்தது. தபால் வருகிறது, குப்பை வண்டி வருகிறது, வேறென்ன வேண்டும்? விண்ணப்பம் பாதி போன பிறகு தெரிந்தது, அந்த இடம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. இங்கே தபால் முகவரியில் நகரத்தின் பெயர் இருக்கும், ஆனால் நிலம் எந்த நகரத்திலும் சேராத வெறும் கவுன்டி, அதாவது மாவட்ட, பகுதியாக இருக்கும். நம் ஊரில் ‘மதுரை’ என்று சொல்லிக்கொண்டு மேலூர் சாலையில் மனை விற்பார்களே, அந்த மாதிரி. மாவட்ட சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால், அந்த வீடு யார் யாருக்கு வரி கட்டுகிறது என்று வரிசையாக வரும். அதில் மாநகராட்சி பெயர் இல்லை என்றால் மாநகராட்சி உதவியும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடமும் மூன்று வாரமும் ஆனது.

இப்போது சீட்டு.

இருபது பேர், மாதம் 250 டாலர், இருபது மாதம். ஏலம் கிடையாது, கழிவு கிடையாது. வெற்றிலைத் தட்டில் இருபது துண்டுச் சீட்டு, ஒரு குழந்தை எடுக்கும். எனக்கு எட்டாவது மாதம் விழுந்தது. சீட்டு நடத்தும் அக்கா ஒரு உறையில் நூறு டாலர் நோட்டுகளாகக் கொடுத்தார். அப்படியே கொண்டுபோய் வங்கியில் போட்டேன். அங்கேதான் தவறு. கடன் பரிசீலனைக்குக் கடைசி இரண்டு மாத வங்கிக் கணக்கறிக்கை போகிறது. சம்பளம் அல்லாத பெரிய தொகை எது விழுந்தாலும், அது யாரிடமோ வாங்கிய மறைமுகக் கடனா என்று சந்தேகிப்பார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், எஃப்எச்ஏ விதிப் புத்தகத்தில் நம் சீட்டுக்கே இடம் இருக்கிறது. உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் தனியார் சேமிப்புக் குழுக்கள் என்று ஒரு தலைப்பு. அப்படிப்பட்ட குழு எப்போது தொடங்கியது, எவ்வளவு காலமாக நடக்கிறது, பணம் நியாயமாகச் சேர்ந்ததுதானா, கடன் இல்லையா என்பதற்குக் கணக்கேடும் ரசீதும், நடத்துபவரின் உறுதிக் கடிதமும் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். மீதித் தவணை இருந்தால் அதை மட்டும் நம் மாதக் கடன் சுமையில் சேர்ப்பார்கள். கடன் அதிகாரி இதைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கோ வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு யாரோ நம் அத்தைமார்களின் சீட்டை நினைத்து ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள்!

அக்காவிடம் ஓடினேன். நீல அட்டை நோட்டில் இருபது பெயரும் தேதியும் அழகாக எழுதி வைத்திருந்தார். ஆனால் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர மறுத்துவிட்டார்.

“என் பெயர் வங்கிக்குப் போனால் நாளைக்கு வரித்துறை வந்து நிற்கும். உனக்கு வேண்டுமானால் இன்னொரு ஐயாயிரம் கைமாற்றாகத் தருகிறேன், கையெழுத்து மட்டும் கேட்காதே.”

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நம்பிக்கையில் ஓடும் வண்டிக்குக் காகிதம் கேட்டால் பயம் வரத்தான் செய்யும். 5,000 டாலர் கணக்கில் இருந்தும் இல்லாததாக ஆனது. சீட்டுப் பணத்தை நம்பி வீடு வாங்கப் போகிறவர்கள் காசோலையாகவோ வங்கி மாற்றமாகவோ கட்டி, அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். நடத்துபவரிடம் கடிதம் கிடைக்குமா என்று சீட்டில் சேரும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வீடு வாங்குவதற்கு வெகு முன்பே வங்கியில் போட்டுவிடுங்கள்.

18,000இல் உதவி 9,264 போக 8,736 வேண்டும். சேமிப்பு 6,200. துண்டு விழுந்தது. விருதுநகரில் அப்பாவைக் கூப்பிட்டேன். ஓய்வூதியக்காரர். கூட்டுறவுத் துறையில் முப்பது ஆண்டு. வைப்புத்தொகையில் ஐந்து லட்சம் ரூபாயை முறித்து அனுப்புகிறேன் என்றார், ஒரு வார்த்தை மறு பேச்சு இல்லை. ஆனால் அன்பளிப்புக் கடிதத்தை அனுப்பியதும் கோபம் வந்துவிட்டது. “இந்தப் பணத்தைத் திருப்பித் தருமாறு எதிர்பார்க்கவில்லை” என்று அதில் ஒரு வரி இருக்கும். அது கட்டாயம்.

“மகளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அப்பனிடம் எழுதி வாங்குகிற நாடா அது?”

“எழுதிக் கொடுக்காவிட்டால் அது கடனாம் அப்பா.”

“சரி, போடுகிறேன். எங்கே போட வேண்டும் என்று பென்சிலில் புள்ளி வைத்து அனுப்பு.”

கடிதம் மட்டும் போதவில்லை. வைப்புத்தொகையை முறித்த ரசீது, அந்தப் பணம் அவர் சேமிப்புக் கணக்கில் விழுந்த அறிக்கை, அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பிய சான்று, என் கணக்கில் வந்த பதிவு என்று சங்கிலி அறுபடாமல் காட்ட வேண்டியிருந்தது. அப்பா கூட்டுறவுத் துறைக்காரர் என்பதால் எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஓரத்தில் எண் போட்டு அனுப்பினார். கடன் அதிகாரி, இவ்வளவு ஒழுங்கான கோப்பைத் தான் பார்த்ததில்லை என்றார். அதை அப்பாவிடம் சொன்னதும் பழைய கோபம் எல்லாம் போய்விட்டது.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்கள் கவனிக்க: ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அனுப்பும் வங்கி ஒரு வரம்புக்கு மேல் முன்கூட்டியே வரி பிடிக்கும். அப்போது வரம்பு 7 லட்சம் ரூபாய், 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம். எங்களுக்கு அது தட்டவில்லை. அமெரிக்காவில் அந்தப் பணத்தைப் பெறுபவருக்கு அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. ஆனால் வெளிநாட்டவரிடமிருந்து ஓராண்டில் 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் அபராதம் கடுமை.

விற்பவர் கொடுக்கும் சலுகையை யாரும் உதவி என்று சொல்வதில்லை, ஆனால் எங்களுக்கு அது பெரிய உதவி. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்று விடும் ஏழு நாள் ஆப்ஷன் காலத்தில் வீட்டைப் பரிசோதித்தபோது வாட்டர் ஹீட்டர் பழசு, மின் பலகையில் கோளாறு என்று வந்தது. விலையைக் குறைக்கச் சொல்லாமல், பத்திரச் செலவுக்கு 3,000 டாலர் தரச் சொன்னோம். விலையில் 3,000 குறைந்தால் எங்கள் கையிலிருந்து போகும் பணம் நூற்றுச் சொச்சம்தான் குறையும். செலவில் கொடுத்தால் முழு 3,000உம் குறையும். எஃப்எச்ஏ கடனில் விற்பவர் விலையில் 6 சதவீதம் வரை இப்படித் தரலாம். முன்பணத்தை மட்டும் அவர் தரக் கூடாது. புது வீடு கட்டி விற்பவர்கள் இதைவிடத் தாராளமாக அள்ளிவிடுவார்கள், தங்கள் கடன் நிறுவனத்திலேயே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அங்கேயும் அந்த மூன்று தாள் வேலையைச் செய்து பார்க்க வேண்டும்.

எஃப்எச்ஏவில் எனக்குப் பிடிக்காதது அந்த மார்ட்கேஜ் இன்சூரன்ஸ். தொடக்கத்திலேயே கடனில் 1.75 சதவீதம், எங்களுக்கு 4,053 டாலர், அசலோடு சேர்த்துவிடுகிறார்கள். பிறகு ஆண்டுக்கு 0.55 சதவீதம், மாதம் 106 டாலர். முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இது கடன் முடியும் வரை போகாது. சாதாரணக் கடனில் கடன் பாக்கி வீட்டு விலையில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஸ்கோர் 720, 740 என்று இருப்பவர்கள் அந்தப் பக்கம் போவதே நல்லது.

விசாவில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். 2025 மே 25 முதல் எச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு எஃப்எச்ஏ கடன் கிடையாது, கிரீன் கார்டு இருந்தால் உண்டு. அவர்களுக்குச் சாதாரணக் கடன் வழி திறந்தே இருக்கிறது. கலிபோர்னியாவில் இருக்கும் தோழி, அங்கே மாநிலம் விலையில் 20 சதவீதம் வரை கொடுக்கும் ‘ட்ரீம் ஃபார் ஆல்’ திட்டத்துக்கு முயன்றாள். 2023இல் முதல் சுற்றுப் பணம் இரண்டே வாரத்துக்குள் தீர்ந்துபோய், அடுத்ததற்குக் குலுக்கல் வைத்தார்கள். வீட்டை விற்கும்போது ஏறிய விலையில் மாநிலத்துக்கும் பங்கு கொடுக்க வேண்டும். “உன் சீட்டில் விழுந்தது, என் சீட்டில் விழவில்லை” என்றாள்.

ஜூன் 14 அன்று கையெழுத்துப் போட்டோம். எங்கள் கையிலிருந்து போனது 5,736 டாலர். அதற்கு முந்தைய நாள், பணம் அனுப்ப வேண்டிய கணக்கு மாறிவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பத்திர வேலையை முடித்துக் கொடுக்கும் டைட்டில் அலுவலகத்தின் பெயரில், அதே எழுத்துருவில். வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்து, முதல் நாள் கொடுத்த அட்டையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். அவர்கள் அனுப்பவில்லை.

ஆகஸ்டு முதல் வாரம் ஏசி நின்றது. வெளியே நூறு டிகிரிக்கு மேல். பிள்ளைகள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தார்கள். வந்த ஆள் கம்ப்ரெசரைத் தட்டிப் பார்த்துவிட்டு 4,600 என்றார். கடன்காரர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்த சீட்டுப் பணம் 5,000 கணக்கில் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன், அவர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

மறுகடன் வாங்குங்கள், தவணையைக் குறைக்கிறோம் என்று வாரம் ஒரு கடிதம் வருகிறது. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ‘2027 ஜூன் 14’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கடிதங்களை அதன் மேலே இருக்கும் கூடையில் போட்டு வைக்கிறேன். கூடை நிரம்பியதும் கணவர் என்னைப் பார்ப்பார். நான் தேதியைக் காட்டுவேன்.